ஆள் சேர்க்கலாம், நிற்க வைப்பது எப்படி? சேவைச் சங்கங்களின் 120 வருடக் கதை

1/
ஜூலை 1 டாக்டர்கள் தினம். ரோட்டரிக்கும் லயன்ஸுக்கும் புது வருஷம் தொடங்குவதும் அன்றுதான். புதுத் தலைவர், புதுச் செயலாளர், புது பேனர். முதல் நிகழ்ச்சியே பல இடங்களில் டாக்டர்களுக்குச் சால்வை போடுவதுதான்!

சால்வை வாங்கும் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். போன வருஷம் "புது உறுப்பினர்" என்று கைதட்டி மேடை ஏற்றப்பட்டவர்களில் சிலர், இந்த வருஷம் கூட்டத்திலேயே இருக்க மாட்டார்கள்.

2/
"அது சங்கத்துக்காரங்க பிரச்சினை, எனக்கென்ன?" என்று கேட்கலாம். உங்களுக்கும் இருக்கு.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் ஒரு கண் முகாமை நினைத்துப் பாருங்க. டாக்டர், நர்ஸ், மருந்து அரசு தரும். ஷாமியானா, நாற்காலி, வரிசையை ஒழுங்குபடுத்துவது, ஆபரேஷன் முடிந்த பாட்டியை வீட்டில் கொண்டுபோய் விடுவது... இதுக்கெல்லாம் ஆள் வேண்டும். சம்பளம் வாங்காத ஆள். அப்படிப்பட்டவர்கள் குறைந்தால் முதலில் கஷ்டப்படுவது நோயாளிதான்.

அதனால் ஆட்கள் ஏன் சேர்கிறார்கள், ஏன் போய்விடுகிறார்கள் என்பதன் வரலாற்றைப் பார்த்துவிடுவோம்.

3/
வருடம் 1905, பிப்ரவரி 23. இடம் சிகாகோ. பால் ஹாரிஸ் என்ற வக்கீல். சின்ன ஊரில் வளர்ந்து, பெரிய நகரத்தில் தொழில் செய்ய வந்தவர். தொழில் இருந்தது, நண்பர்கள் இல்லை. ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையல் தொழில் செய்பவர் என மூன்று பேருடன் உட்கார்ந்து பேசினார். ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் அலுவலகத்தில் சுழற்சியாகக் கூடினார்கள். அதனால் பெயர் ரோட்டரி.

கவனிங்க, அந்த முதல் நாலு பேரில் இரண்டு பேர் சில வருடங்களிலேயே சங்கத்தை விட்டுப் போய்விட்டார்கள். ஆக, இந்தப் பிரச்சினை நேற்று வந்ததல்ல. சங்கம் பிறந்தபோதே கூடப் பிறந்தது.

4/
அப்போது சங்கத்தின் நோக்கம் என்ன தெரியுமா? நட்பு, அதோடு வியாபாரம். "நீ என்கிட்ட வாங்கு, நான் உன்கிட்ட வாங்கறேன்." யார் யாருக்கு எவ்வளவு வியாபாரம் கொடுத்தார் என்று கணக்கு வைக்கவே ஓர் ஆள் இருந்தார்.

1906ல் டொனால்ட் கார்ட்டர் என்ற வக்கீலைச் சேரச் சொல்லி அழைத்தார்கள். அவர் மறுத்துவிட்டார். உறுப்பினர்களுக்கு மட்டுமே லாபம் என்றால் இது ரொம்ப நாள் நிற்காது, ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பது அவர் வாதம்.

அழைத்தவர்கள் கோபப்படவில்லை. "அப்படின்னா நீங்களே வந்து விதியை மாற்றுங்க" என்கிற மாதிரி அவரை உள்ளே கொண்டுவந்தார்கள். நகரத்தின் நலன் என்ற மூன்றாவது நோக்கம் விதிகளில் ஏறியது. கார்ட்டர் உறுப்பினரானார்.

என் பார்வையில், ரோட்டரி வரலாற்றின் மிக முக்கியமான ஆள்சேர்ப்பு இதுதான். "முடியாது" என்று சொன்ன ஒருவரின் காரணத்தைக் காது கொடுத்துக் கேட்டார்கள்.

5/
அடுத்து என்ன செய்தார்கள்? 1907ல் சிகாகோவில் பொதுக் கழிப்பறை அமைக்கும் வேலையைக் கையில் எடுத்தார்கள். ஆமாம், கழிப்பறைதான். ஒரு டாக்டராக எனக்கு இது ரொம்பப் பிடித்த தகவல் 🙂

6/
1917ல் அதே சிகாகோ. மெல்வின் ஜோன்ஸ் என்ற இன்சூரன்ஸ்காரர். அவர் இருந்ததும் ஒரு வியாபாரிகள் வட்டம்தான். அங்கிருந்து லயன்ஸ் பிறந்தது. உறுப்பினர்களின் பண லாபத்தை எந்தச் சங்கமும் நோக்கமாக வைக்கக்கூடாது என்று ஆரம்பத்திலேயே விதி போட்டார்கள்.

1925ல் அவர்களின் மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசினார். பார்வையற்றவர்களுக்காகப் பாடுபடுங்கள் என்று கேட்டார். இன்று வரை லயன்ஸ் என்றால் கண் முகாம்தான் நம் நினைவுக்கு வருகிறது. நூறு வருஷமாகியும் அந்த ஒரு வேலை மாறவில்லை.

7/
நம் ஊருக்கு வருவோம். கல்கத்தா ரோட்டரி 1920ல், மெட்ராஸ் ரோட்டரி 1929ல். லயன்ஸ் 1956ல் பம்பாய் வழியாக இந்தியாவுக்குள் வந்தது.

நம்ம மேற்குப் புறநகர் வளர்ந்த கதையும் இதோடு ஒட்டிப் போகும். அம்பத்தூரில் 1949ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ், 1960களில் தொழிற்பேட்டை, ஆவடியில் டேங்க் ஃபேக்டரி. வேலைக்காக எங்கெங்கிருந்தோ மக்கள் வந்தார்கள். சொந்தபந்தம் ஊரில், வாழ்க்கை இங்கே. பால் ஹாரிஸின் அதே நிலைமை! இப்படி வந்தவருக்கு "வாங்க சார், வியாழக்கிழமை மீட்டிங்" என்று ஒருவர் கூப்பிடுவது பெரிய விஷயம்.

இன்று? பழகுவதற்கு வாட்ஸ்அப் குரூப் இருக்கு, அபார்ட்மென்ட் அசோசியேஷன் இருக்கு. நட்பு என்ற ஒரு காரணத்தை மட்டும் வைத்து யாரையும் நிற்க வைக்க முடியாது.

8/
சரி, கண்டிப்பு வைத்தால் நிற்பார்களா?

ரோட்டரியில் நீண்ட காலம் வருகை விதி கடுமையாக இருந்தது. தொடர்ந்து நாலு கூட்டம் வரவில்லையென்றால் உறுப்பினர் பதவி போய்விடலாம். வெளியூர் போனால் அங்குள்ள சங்கத்துக்குப் போய் ஈடு செய்ய வேண்டும். 2016ல் இந்த விஷயத்தில் சங்கங்களுக்கு நிறையத் தளர்வு கொடுத்தார்கள். ஷிஃப்ட் வேலை செய்கிறவரும், சின்னக் குழந்தை இருக்கிற அம்மாவும் இப்போது உள்ளே வர முடியும்.

ஆனால் அந்தப் பழைய விதியில் ஒரு நல்ல விஷயம் ஒளிந்திருந்தது. நீங்கள் வரவில்லை என்றால் யாரோ ஒருவர் அதைக் கவனித்தார். தண்டனையைத் தூக்கலாம், தப்பில்லை. கவனிப்பதையும் சேர்த்துத் தூக்கிவிடக் கூடாது.

9/
இன்னொரு கேள்வி: கதவு யாருக்குச் சாத்தியிருக்கு?

1977ல் கலிஃபோர்னியாவின் டுவார்ட்டே என்ற சிறிய ஊரில், ஆள் குறைந்துகொண்டிருந்த ரோட்டரி சங்கம் 3 பெண்களைச் சேர்த்தது. தலைமை அந்தச் சங்கத்தின் அங்கீகாரத்தையே பறித்தது! வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1987ல் தீர்ப்பு பெண்கள் பக்கம் வந்தது. லயன்ஸும் அதே வருடம் கதவைத் திறந்தது. 1989ல் ரோட்டரி தன் விதியை உலகம் முழுக்க மாற்றியது.

80 வருஷத்துக்கு மேல் ஊரில் பாதிப் பேரை வெளியே நிறுத்திவிட்டு, "ஆள் கிடைக்கலையே" என்றால் எப்படி?

10/
இப்போது முக்கியமான கட்டம். ஆட்களை நிற்க வைத்தது எது? பதில் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கு.

1980களில் வேலூர். சிஎம்சியின் வைராலஜி பேராசிரியர் டாக்டர் டி. ஜேக்கப் ஜான், வேலூர் ரோட்டரியைச் சேர்த்துக்கொண்டு, குழந்தைகளுக்கு ஒரே சமயத்தில் போலியோ சொட்டு மருந்து தரும் முறையை நடத்திக் காட்டினார். "பல்ஸ்" என்று அவர் சொன்ன முறை அதுதான். 1985ல் ரோட்டரி போலியோ ஒழிப்பை உலகத் திட்டமாக எடுத்தது. 1995ல் இந்தியா முழுக்க பல்ஸ் போலியோ. தமிழ்நாட்டின் கடைசி போலியோ நோயாளி 2004ல், இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில். 2014ல் போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழ்.

பூத்தில் என்ன நடக்கும்? ஒருவர் சொட்டு மருந்து விடுவார், ஒருவர் இடது சுண்டுவிரலில் மை வைப்பார், ஒருவர் எண்ணிக்கை எழுதுவார், ஒருவர் தெருவில் போகும் குழந்தைகளைக் கூப்பிடுவார். நாலில் ஒருவர் வரவில்லை என்றால் வேலை கெடும். அதாவது ஒவ்வொருவரும் தேவை. அது அவருக்கே தெரியும். சாயங்காலம் எத்தனை குழந்தை என்ற எண்ணிக்கையும் கையில் கிடைக்கும்.

மாலை, சால்வை, குரூப் போட்டோ இதைக் கொடுக்காது.

11/
ரோட்டரியின் உலக உறுப்பினர் எண்ணிக்கை 1990களின் கடைசியிலிருந்து சுமார் 12 லட்சத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. வருஷா வருஷம் புதிதாகச் சேர்க்கிறார்கள். எண்ணிக்கை ஏறவில்லை என்றால், வந்த அளவுக்குப் போகிறார்கள் என்றுதானே அர்த்தம்?

உள்ளே ரத்தக்கசிவு இருக்கும் நோயாளிக்கு பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றிக்கொண்டே இருந்தால் போதுமா? முதலில் கசிவை நிறுத்தணும். ஜூன் கடைசியில் "இன்னும் அஞ்சு பேரைச் சேர்த்துடுங்க" என்று ஓடுவது, கசிவைப் பார்க்காமல் பாட்டில் மாற்றுவது மாதிரிதான்.

12/
நீங்கள் ஒரு சங்கத்தில் பொறுப்பில் இருந்தால் மூன்றே வேலை.

• போன வருஷம் விலகியவர்களுக்கு போன் போடுங்க. திரும்ப வரச் சொல்ல வேண்டாம். ஏன் போனீங்க என்று மட்டும் கேளுங்க. சந்தாவா, நேரமா, மரியாதையா?
• புதிதாக வந்தவருக்கு முதல் மாதத்திலேயே பெயர் சொல்லி ஒரு வேலை கொடுங்க. "முகாமில் சர்க்கரை டெஸ்ட் மேசை உங்க பொறுப்பு" என்று.
• ரெண்டு தரம் வராதவரை மூன்றாம் தரத்துக்கு முன் விசாரிங்க. வீட்டில் உடம்பு சரியில்லையோ என்னவோ.

சங்கத்தில் இல்லாதவரா நீங்க? யாராவது கூப்பிட்டால் கார்ட்டர் கேட்டதையே கேளுங்க: "இதனால ஊருக்கு என்ன?" நல்ல பதில் வந்தால் தயங்காமல் சேருங்க. பதில் வரவில்லையென்றால், அவரைப் போலவே உள்ளே போய் விதியை மாற்றப் பாருங்க.

அடுத்த முகாமில் வரிசையில் நிற்கும் பாட்டிக்கு உங்கள் சங்கத்தின் பெயர் தெரியாது. கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைக்க யாராவது இருக்காங்களா என்பதுதான் அவருக்குத் தெரியும்.