சிந்தாதிரிப்பேட்டை நெசவாளர் குடியிருப்பு: நிலப்படங்கள் வழி ஒரு வரலாற்று வாசிப்பு

முன்னுரை

சென்னையின் தொடக்க வரலாறு பெரும்பாலும் கோட்டை, ஆளுநர், துபாஷி ஆகியோரை மையமிட்டே எழுதப்பட்டுள்ளது. நகரின் ஏற்றுமதிக்கு அடிப்படையான துணியை நெய்தோரின் குடியிருப்புகள் அவ்வரலாற்றில் ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்படுகின்றன. சிந்தாதிரிப்பேட்டை அத்தகைய குடியிருப்புகளுள் ஒன்று. பழைய நிலப்படங்களைக் கும்பினி ஆவணங்களோடு ஒப்புநோக்கி, அந்நெசவாளர் சமூகத்தின் கடந்த காலத்தை எவ்வளவு தூரம் மீட்க முடியும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பேட்டையின் தோற்றம்

ஜார்ஜ் மார்ட்டன் பிட் ஆளுநராக இருந்தபோது 1734இல் இப்பேட்டை நிறுவப்பட்டது. ‘சின்னத் தறிப் பேட்டை’ என்பதே இன்றைய பெயராகத் திரிந்தது என்பர். கும்பினியின் முன்னாள் தலைமை வணிகரான சுங்குராமர் வசமிருந்த தோட்டமே இதற்கெனக் கையகப்படுத்தப்பட்டது. நூற்போர், நெய்வோர், துணியில் வண்ணம் தீட்டுவோர், வெளுப்போர், கோயிற்பணியாளர் முதலியோரே இங்குக் குடியேற இசைவு பெற்றனர். எனவே இது இயல்பாக வளர்ந்த ஊரன்று. துணிக்கொள்முதலை அருகிலேயே உறுதிசெய்யத் திட்டமிட்டு அமைக்கப்பட்ட தொழிற்குடியிருப்பு.

நிலப்படச் சான்றுகள்

தாமஸ் பிட் ஆளுநராயிருந்த காலத்தில், ஏறத்தாழ 1710இல், உருவான நிலப்படம் கோட்டையின் வடமதிலை ஒட்டி நெருக்கமான பழைய கறுப்பர் நகரத்தைக் காட்டுகிறது. 1755இல் கான்ராடி வரைந்த நிலப்படத்தில், கோட்டைக்கு மேற்கே, தீவுத்திடலைக் கடந்து, கூவம் வளைந்து செல்லும் இடத்தில் சிந்தாதிரிப்பேட்டை இடம்பெறுகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் 1746 முதல் 1749 வரை நகரம் பிரெஞ்சுக்காரர் வசமிருந்தது. கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரம் பாதுகாப்புக் காரணங்களுக்காகப் படிப்படியாக இடித்து அகற்றப்பட்டது. இன்று அவ்விடத்தில் உயர் நீதிமன்றம் நிற்கிறது. கோட்டையிலிருந்து விலகியிருந்தமையே சிந்தாதிரிப்பேட்டை நிலைத்ததற்கு ஒரு காரணம் எனக் கருதலாம்.

மூன்று புறமும் ஆறு சூழ்ந்த அமைவை இருவகையாக வாசிக்க இடமுண்டு. துணி அலசவும் வெளுக்கவும் நீர் வேண்டும். பாவு விரித்துக் கஞ்சியிட நீண்ட, நேரான, நிழலுள்ள வெளி வேண்டும். தோட்ட நிலமும் ஆற்றங்கரையும் இத்தேவைகளுக்கு இசைந்தவை. இன்றும் காணப்படும் நேர்கோட்டுத் தெருக்களைப் பாவடியின் தேவையோடு பொருத்திப் பார்ப்பது தகும். அதே வேளையில், குடியேறுவோரை வரையறுத்த விதியோடு சேர்த்து நோக்கினால், அவ்வாற்று வளைவு நெசவாளரைப் பிற வணிகரிடமிருந்து விலக்கிக் கண்காணிக்க உதவிய எல்லையாகவும் தோன்றுகிறது. முன்பணம் பெற்று நெய்த ஒரு சமூகத்திற்கு இவ்வெல்லை பொருளற்றதன்று.

நிலப்படத்தின் மௌனம்

நிலப்படம் தெருவைக் காட்டும். தெருவில் வாழ்ந்தோரைக் காட்டாது. நூல் நூற்ற பெண்களின் உழைப்பும், நெசவாளர் பட்ட கடனும், நிலமிழந்தவரின் மறுப்பும் அதில் பதிவாவதில்லை. இக்குறையை ஓரளவு ஈடுசெய்வன கோயில்கள். ஆதிகேசவப் பெருமாள், ஆதிபுரீசுவரர் கோயில்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளமை, வெவ்வேறு சமயப் பிரிவினரான தொழிலாளரை ஒரே இடத்தில் நிலைகொள்ளச் செய்யும் முயற்சியைக் காட்டுகிறது. வழிபாட்டிடமின்றிக் குடிகள் தங்கமாட்டார் என்பதைப் பேட்டையை அமைத்தோர் அறிந்திருந்தனர்.

முடிவுரை

தறியோசை இன்று சிந்தாதிரிப்பேட்டையின் அடையாளமாக இல்லை. எனினும் ஆற்று வளைவும், நேர்த்தெருக்களும், இரட்டைக் கோயில்களும் பழைய தொழில் ஒழுங்கின் தடயங்களாக எஞ்சியுள்ளன. ஆள்வோரின் தேவைக்காக வரையப்பட்ட நிலப்படத்தைத் தனிச்சான்றாகக் கொண்டால், நெசவாளர் கும்பினியின் உடைமையாக மட்டுமே தெரிவர். ஆவணம், கோயில், தெருவமைப்பு ஆகியவற்றோடு இணைத்து வாசிக்கும்போதே, இடம்பெயர்ந்து வந்து ஓர் ஊரை உருவாக்கிய சமூகமாக அவர்கள் வெளிப்படுவர்.