பந்து முதல்ல, மண் அப்புறம்: ஒரு அடியோட கதை

நீளமான இழை இது. டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

ஓசூர்ல ஓபி பாக்குற டாக்டருக்கு கோல்ஃப் பத்தி என்ன பேச்சுன்னு கேப்பீங்க. சிப்காட்ல வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்த பிறகு ஜப்பான்காரர், கொரியாக்காரர், அவங்களோட சேர்ந்து விளையாடக் கத்துக்கிட்ட நம்ம மேனேஜர்கள்னு ஞாயித்துக்கிழமை மட்டையைத் தூக்குற கூட்டம் ஒண்ணு இங்கே உருவாகியிருக்கு. சிலர் ஓசூர் பக்கத்துலயே இருக்குற க்ளோவர் கிரீன்ஸுக்குப் போறாங்க, சிலர் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்கு. திங்கட்கிழமை முழங்கையைப் பிடிச்சுக்கிட்டு நம்மகிட்ட வர்றாங்க.

கேட்டா பாதிப் பேர் சொல்றது ஒரே பதில்: "டாக்டர், பந்துக்கு முன்னாடி தரையில பட்டுடுது." இரும்பு மட்டையில, அதாவது 'அயர்ன்'ல, அடிக்கிறப்போ முதல்ல பந்து, அதுக்கப்புறம் மண். இதுதான் முறை. அது மாறினா பந்தும் போகாது, கையும் போகும். இந்த ஒரு வரியை மனுஷன் கண்டுபிடிச்ச கதை நான் நினைச்சதை விட சுவாரசியமா இருந்துச்சு. அதுல நம்ம தொழில்காரங்க ரெண்டு மூணு பேர் வர்றாங்க.

முதல்ல குழப்பம் எங்கேன்னு சொல்லிடறேன். பந்து மேலே எழும்பணும்னா கீழிருந்து மேலே அள்ளி விடணும்னுதான் மூளை சொல்லும். சின்ன வயசுல கிட்டிப்புள் ஆடினவங்களுக்கு இது வேற மாதிரி தெரியும்: புள்ளோட நுனியில கீழ்நோக்கித் தட்டினாத்தான் அது மேலே துள்ளும். (ரெண்டுக்கும் இயற்பியல் வேற. புள் நெம்புகோல் மாதிரி எழும்பும். ஆனா பாடம் ஒண்ணுதான்.) அயர்ன்ல மட்டையோட முகமே சாய்வா இருக்கு. எழுப்புற வேலையை அந்தச் சாய்வு பாத்துக்கும். நீங்க அள்ளப் போனா மட்டை தன் வட்டத்தோட அடிப்புள்ளியைப் பந்துக்கு முன்னாடியே தொட்டுடும்.

இப்போ கதைக்கு வரேன். 1848-க்கு முன்னாடி ஸ்காட்லாந்துல பந்துன்னா தோல் பை. உள்ளே வேகவெச்ச வாத்து இறகைத் திணிச்சுத் தைப்பாங்க. ஒரு கைத்தொழிலாளி ஒரு நாள் முழுக்க உக்காந்தா மூணு நாலு பந்துதான் தேறும், அதனால விலையும் அதிகம். இந்தப் பந்தை இரும்பால ஓங்கி அடிச்சா தையல் பிஞ்சு இறகு பறக்கும். அதனால பெரும்பாலும் மர மட்டைதான், அதுவும் பந்தைத் தட்டையா வாரிக்கிட்டுப் போற அடி. வண்டித்தடத்துலயோ மணல்லயோ பந்து மாட்டினாத்தான் இரும்பை எடுப்பாங்க. பந்து முதலா மண் முதலாங்கிற கேள்வியே அன்னிக்கு யாருக்கும் பெருசா எழலை.

அதை மாத்தினது ஒரு மரப்பால். பேரு கட்டாபெர்ச்சா. மலாய் நாட்டு மரம். வெந்நீர்ல போட்டா மாவு மாதிரி பிசையலாம், ஆறினா கெட்டியாயிடும். இதை ஐரோப்பாவோட கவனத்துக்குக் கொண்டுபோனவர்கள்ல முக்கியமானவர் வில்லியம் மான்ட்கோமரி. சிங்கப்பூர்ல இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி சர்ஜன்! 1843-ல மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். அறுவை சிகிச்சைக் கருவிகளுக்கு உதவுமான்னுதான் அவர் யோசிச்சார், கோல்ஃப் அவர் மனசுலயே இல்லை. இன்னிக்கும் ரூட் கேனால் பண்ணினா உங்க பல்வேருக்குள்ள பல் டாக்டர் அடைக்கிறது இதே கட்டாபெர்ச்சாதான். நம்ம வாய்ல இருக்குற பொருள்தான் ஒரு காலத்துல கோல்ஃப் பந்து.

இன்னொரு கதையும் உண்டு. கீழ்நாட்டிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு ஒரு விஷ்ணு சிலை பார்சல்ல வந்ததாம், சிலை உடையாம இருக்க இந்தக் கட்டாபெர்ச்சாவைச் சுத்தி வெச்சிருந்தாங்களாம், அதை உருட்டித்தான் பாட்டர்சன்னு ஒருத்தர் முதல் பந்து செஞ்சாராம். எனக்கு இது கொஞ்சம் ஜோடிச்ச கதையாத்தான் படுது. பெருமாள் பேர் வர்றதால விடவும் மனசில்லை.

புதுப் பந்து மலிவு, இரும்புக்கும் உடையாது. விளையாட்டே மாறிடுச்சு. அதுல ஒரு வேடிக்கை: வழவழன்னு இருந்த புதுப் பந்து சரியாப் பறக்காம தொப்புன்னு விழும். இரும்பு பட்டு வெட்டும் வடுவும் ஏறின பழைய பந்து நல்லாப் பறக்கும். ஏன்னு யாருக்கும் தெரியலை. ஆனா செய்றவங்க புத்திசாலிங்க, புதுப் பந்தையே சுத்தியலால கொத்தி வித்தாங்க. இன்னிக்கு நீங்க பாக்குற குழிக்குழிப் பந்தோட பாட்டன் அதுதான்.

காரணத்தைத் தேடினவர் எடின்பரோ பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் பீட்டர் கத்ரி டெயிட். 1890-கள்ல கணக்குப் போட்டுக் காட்டினார்: பந்து காத்துல அவ்வளவு நேரம் நிக்கிறதுக்குக் காரணம் பின்சுழற்சி. அதுவரைக்கும் சுழற்சின்னா அடியில இருக்குற கோளாறுன்னுதான் பல பேர் நினைச்சாங்க. அவர் மகன் ஃப்ரெடி டெயிட் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தை 1896-லயும் 1898-லயும் ஜெயிச்சவர். 1900-ல தென்னாப்பிரிக்கப் போர்ல செத்துப்போனார். அப்பா அடுத்த வருஷமே போயிட்டார்.

இந்தப் பின்சுழற்சிதான் நம்ம விஷயத்துக்குச் சாவி. சாய்வான இரும்பு முகம் இறங்கிக்கிட்டே பந்தைச் சுத்தமாத் தொட்டா சுழற்சி நல்லா ஏறும். நடுவுல புல்லோ மண்ணோ மாட்டினா முகத்துல இருக்குற கோடுகளுக்குப் பிடி கிடைக்காது, சுழற்சி குறையும். மண்ணை முன்னாடியே தோண்டிட்டா வேகமும் போச்சு.

சரி, நம்ம பக்கம். கோல்ஃப் இந்தியாவுக்கு ரொம்ப சீக்கிரமே வந்துடுச்சு: கல்கத்தா கிளப் 1829, பெங்களூர் கிளப் 1876. பட்டாளம் எங்கேயோ மட்டை அங்கே. ஓசூர்லயிருந்து பாகலூர், மாலூர் வழியாப் போனா வர்ற கோலார் தங்கவயல்லயும் அதே கதைதான். 1880-ல ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத்தை எடுத்த பிறகு வெள்ளைக்கார இன்ஜினியர்கள் கிளப், டென்னிஸ், கோல்ஃப்னு ஒரு குட்டி இங்கிலாந்தே கட்டிக்கிட்டாங்க. நிலத்துக்கு அடியில இறங்கினது பெரும்பாலும் வட ஆற்காடு, சேலம் ஜில்லாத் தமிழர்கள். அன்னிக்கு கிருஷ்ணகிரியும் ஓசூரும் சேலம் ஜில்லாதான். மேலே ஒருத்தர் பந்தை அடிக்க, கீழே ஒருத்தர் பாறைத் தூளைச் சுவாசிச்சு சிலிகோசிஸ்ல இருமிக்கிட்டிருந்தார். நுரையீரல் கதையைத் தனி இழையா எழுதறேன், இங்கே ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன்.

நம்ம ஊர் மைதானத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஸ்காட்லாந்து மாதிரி ஈரப் புல் மெத்தை கிடையாது. கோடையில செம்மண் கல்லு மாதிரி இறுகிடும். பல இந்திய மைதானங்கள்ல அன்னிக்கு 'கிரீன்' கூடக் கிடையாது, எண்ணெய் கலந்த மணலைச் சமப்படுத்தின 'பிரவுன்'தான். இந்தத் தரையில பந்துக்கு முன்னாடி மண்ணைத் தொட்டா மன்னிப்பே இல்லை. மட்டை துள்ளி எழும்பி பந்தோட நடு நெத்தியில அடிக்கும், பந்து பாம்பு மாதிரி தரையோட ஓடும். மணிக்கட்டு விண்ணுன்னு தெறிக்கும். புல் மெத்தையில கால் அங்குலம் பிந்தினாலும் சமாளிக்கலாம். மொட்டைத் தரை ஒவ்வொரு தப்பையும் உடனே சொல்லிடும்.

அந்தத் தரையில கத்துக்கிட்டவங்க யாருன்னா, பை சுமந்த கேடிப் பையன்கள். கோச் கிடையாது, முழு செட் கிடையாது, யாரோ தூக்கிப்போட்ட ஒத்தை அயர்ன் கிடைச்சா பெரிய விஷயம். கிளப் மூடியிருக்குற நாள்ல விளையாடக் கொஞ்ச நேரம். அப்படி வந்தவர்தான் டெல்லியோட அலி ஷேர். இந்தியன் ஓப்பன் 1964-லதான் ஆரம்பிச்சது. அதை ஜெயிச்ச முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் இவர், 1991-ல. திரும்ப 1993-லயும் ஜெயிச்சார். நமக்கு இன்னும் பக்கத்துல பெங்களூர் சின்னசாமி முனியப்பா. அவரும் கேடியா இருந்தவர்தான். 2009-ல குர்கான்ல தென்கொரியாவோட லீ சங்கை பிளேஆஃப்ல தோக்கடிச்சு அதே பட்டத்தை வாங்கினார். இந்தக் கேடிகள் வரிசையைப் பத்தி நம்ம மொழியில யாரும் ஒழுங்கா எழுதலைங்கிறது என் வருத்தம்.

அடுத்து என் ஃபேவரிட் கேஸ் ஹிஸ்டரி. பென் ஹோகன். 1949 பிப்ரவரி 2, டெக்சாஸ்ல பனிமூட்டத்துல அவர் கார் மேல பஸ் நேருக்கு நேர் மோதுச்சு. மனைவியைக் காப்பாத்த குறுக்கே பாய்ஞ்சார், ஸ்டீயரிங் பின்னாடி போய்க் குத்துச்சு, அவர் இடம் மாறினதால பிழைச்சார். இடுப்பெலும்பு, காறை எலும்பு, கணுக்கால் எல்லாம் முறிவு. அதுக்கப்புறம் கால்ல ரத்தக்கட்டி, நுரையீரலுக்குப் போகுது. இன்னிக்கு இருக்குற மருந்து வசதி அப்போ இல்லை. நியூ ஆர்லியன்ஸ்லயிருந்து ஆல்டன் ஆக்ஸ்னர்ங்கிற சர்ஜன் வந்து கீழ்ப்பெருஞ்சிரையையே கட்டினார். கட்டி மேலே போகாது, ஆனா ரெண்டு காலும் ஆயுசுக்கும் வீங்கும், வலிக்கும்.

அந்தக் காலோட 16 மாசத்துல மெரியன் மைதானத்துல 1950 யு.எஸ். ஓப்பன். கடைசி நாள் மட்டும் 36 குழி நடக்கணும். பதினெட்டாவது குழியில, நிக்கவே முடியாத நிலையில, 1-அயர்ன்ல ஒரு அடி. ஹை பெஸ்கின் பின்னாலிருந்து எடுத்த அந்தப் போட்டோவைப் பாக்காத கோல்ஃப் ரசிகர் கிடையாது. 1-அயர்ன்ல சாய்வே கொஞ்சம்தான். துளி மண் முன்னாடி பட்டாலும் கதை முடிஞ்சது. பந்து கிரீன்ல போய் உக்காந்துச்சு, மறுநாள் பிளேஆஃப்ல பட்டமும் அவருக்கே.

1957-ல அவர் எழுதின 'ஃபைவ் லெசன்ஸ்' புத்தகத்துல, அடி படுற நேரத்துல இடது மணிக்கட்டு இலக்கை நோக்கிப் புடைச்சு முன்னால இருக்கணும்னு படம் போட்டு விளக்குறார். அனாட்டமி வார்த்தையையே பயன்படுத்துறார்: சுபினேஷன். எம்.பி.பி.எஸ். முதல் வருஷத்துல 'சூப் கிண்ணம் ஏந்துற கை'ன்னு மனப்பாடம் பண்ணோமே, அதேதான். ஹோகனோட 'ரகசியம்'னு ஆயிரம் பேர் ஆயிரம் எழுதியிருக்காங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்லை, புத்தகத்துலயே எல்லாம் இருக்கு.

அப்புறம் 1968-ல பிரிட்டன்ல காக்ரன், ஸ்டாப்ஸ் ரெண்டு பேரும் ஒரு ஆய்வுக்குழுவோட வேலையைப் புத்தகமாப் போட்டாங்க. மட்டையும் பந்தும் ஒட்டியிருக்குற நேரம் ஏறக்குறைய அரை மில்லிசெகண்ட்! மட்டை வினாடிக்கு 40 மீட்டர்ல வந்தா அந்த நேரத்துல நகர்றது ரெண்டு சென்டிமீட்டர். நம்ம உடம்போட வேகமான ரிஃப்ளெக்ஸுக்கே பத்துக்கணக்கான மில்லிசெகண்ட் வேணும். அதனால "படுற நேரத்துல கையை இப்படித் திருப்புங்க"ன்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க. முன்னாடியே அமைஞ்சதுதான் அமையும். இப்போ ரேடார் வெச்சு அளக்குறாங்க: பெரிய ஆட்டக்காரங்களோட 7-அயர்ன் ஏறக்குறைய 4 டிகிரி கீழ்நோக்கி இறங்குது, வட்டத்தோட அடிப்புள்ளி பந்தைத் தாண்டிச் சில அங்குலம் முன்னால.

மண்ணை முதல்ல அடிச்சதுல உலகப் பிரசித்தமானவர் யார்னா, அலன் ஷெப்பர்ட். 1971 பிப்ரவரி, நிலா. மாதிரி எடுக்குற கருவியோட பிடியில 6-அயர்ன் தலையை மாட்டி, விண்வெளி உடையில ஒத்தைக் கையால வீசினார். முதல் அடியில பந்தை விட நிலா மண்தான் அதிகம் கிளம்புச்சு. கடைசிப் பந்து மைல் கணக்குல போச்சுன்னு பெருமையாச் சொன்னார். பல வருஷம் கழிச்சு படங்களை வெச்சு அளந்தப்போ அது 40 கெஜம்தான்னு தெரிஞ்சது.

இப்போ நான் ஏன் இதையெல்லாம் எழுதறேன்னு சொல்றேன். பெரும்பாலானவங்க பிராக்டிஸ் பண்றது பச்சைப் பிளாஸ்டிக் பாய் மேல. பாய் பொய் சொல்லும். ரெண்டு அங்குலம் பின்னாடி பட்டாலும் மட்டை வழுக்கிக்கிட்டுப் போய் பந்தை அடிச்சுடும், பந்தும் அழகாப் பறக்கும். அதிர்ச்சி மட்டும் ஒவ்வொரு தடவையும் முழங்கைத் தசைநாருக்குப் போகும். ஒரு மணி நேரத்துல நூறு பந்து. கேடிப் பையன்களுக்குச் செம்மண் கொடுத்த எச்சரிக்கை இங்கே கிடையாது.

பாய்தான் கதின்னா, பந்துக்கு ஒரு சாண் பின்னாடி மடிச்ச துண்டு ஒண்ணைப் போடுங்க. துண்டுல படாம அடிக்கணும். மண் தரை கிடைச்சா சுண்ணாம்புல ஒரு கோடு கிழிச்சு, பந்தே இல்லாம வீசிப் பாருங்க. தடம் கோட்டுக்கு இலக்குப் பக்கம் விழணும். அடி படுறதுக்குள்ள எடை முன்னங்காலுக்கு வந்திருக்கணும். பின்னங்கால்ல நின்னு அள்ளினா எந்தக் கோச்சும் காப்பாத்த முடியாது.

முழங்கை வலி ஓய்வுக்கும் பிசியோவுக்கும் பெரும்பாலும் அடங்கும். நான் பயப்படுறது வேற ஒண்ணு. வலது கை ஆட்டக்காரருக்கு, மட்டையோட பிடி நுனி இடது உள்ளங்கையில சுண்டுவிரல் பக்கத்து அடிமேட்டுல அழுத்தியிருக்கும். மட்டை தரையில குத்தினா அங்கே இருக்குற ஹேமேட் எலும்போட கொக்கி முறியலாம். பெருசா வீக்கம் இருக்காது. சாதாரண எக்ஸ்ரேல பல நேரம் தெரியாது, 'சுளுக்கு'ன்னு தைலம் தேச்சு மாசக்கணக்குல ஓட்டுவாங்க. கவனிக்காம விட்டா சுண்டுவிரலை மடக்குற தசைநாரே அறுந்து போகலாம், பக்கத்துல போற அல்நார் நரம்பும் பாதிக்கலாம். மண்ணுல குத்தின அடிக்கப்புறம் அந்த மேட்டை அழுத்தினா வலிக்குது, இறுக்கிப் பிடிக்க முடியலைன்னா, எலும்பு டாக்டர்கிட்ட ஹேமேட்னு பேர் சொல்லியே கேளுங்க. கார்ப்பல் டன்னல் வியூ எக்ஸ்ரே, இல்லேன்னா சி.டி. அது வர்ற வரைக்கும் மட்டையைத் தொடாதீங்க.