ஓய்வுநாளின் காலை உணவு

பெருநகரங்களில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் ஞாயிற்றுக்கிழமை மற்ற நாட்களைப் போல் விடிவதில்லை. வாரம் முழுவதும் கடிகாரத்திற்கு அஞ்சி அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடியவர்கள் அன்று மட்டும் இரண்டாம் முறை காப்பி கேட்பார்கள். பத்து மணிக்கு மேல் அடைக்கல் அடுப்பில் ஏறும். வெல்லமும் வெண்ணெயும் துணை சேரும். காலைச் சிற்றுண்டி என்றோ பகலுணவு என்றோ வகைப்படுத்த இயலாத அந்த உணவு, வாரத்தில் ஒரு நாள் நாம் நமக்கே வழங்கிக்கொள்ளும் சிறு சலுகை. இச்சலுகை நமக்கு எவ்வாறு கிடைத்தது என்பதைச் சற்று ஆராய்வோம்.

ஆங்கிலத்தில் இவ்வுணவிற்கு 'பிரன்ச்' என்று பெயர். 'பிரேக்ஃபாஸ்ட்', 'லஞ்ச்' என்னும் இரு சொற்களின் கூட்டு அது. 1895ஆம் ஆண்டில் கை பெரிங்கர் என்ற ஆங்கில எழுத்தாளர் ஓர் இதழில் இதற்காகப் பரிந்து எழுதினார். சனிக்கிழமை இரவு கேளிக்கையில் விழித்திருந்தவர்கள் மறுநாள் தாமதமாக எழுந்து நிதானமாக உண்ண வேண்டும் என்பது அவர் வாதம். ஓய்வு ஏற்கெனவே வாய்த்தவர்களுக்கான வாதம் அது.

ஓய்வே இல்லாதவர்களுக்கான வாதம், அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, இன்று மும்பை எனப்படும் பம்பாயில் எழுந்துவிட்டது. பருத்தி ஆலைகள் பெருகிய அந்நகரில் தொழிலாளர் விடியலிலிருந்து பொழுது சாயும்வரை உழைத்தனர். வாரம் ஒரு நாள் விடுமுறை என்னும் உறுதி அவர்களுக்கு இல்லை. மகாத்மா ஜோதிராவ் புலேயின் தோழரும் 'தீனபந்து' இதழின் ஆசிரியருமான நாராயண் மேகாஜி லோகண்டே அவர்களை ஒன்று திரட்டினார். 1884ஆம் ஆண்டில் ஏறத்தாழ 5,500 தொழிலாளர் ஒப்பமிட்ட விண்ணப்பம் உருவாயிற்று. ஞாயிறு விடுமுறையும், நடுப்பகலில் அரைமணி நேர ஓய்வும் அதன் கோரிக்கைகளுள் அடங்கும். நிம்மதியாக உண்பதற்கு அரைமணியைக் கூடக் கேட்டுப் பெற வேண்டியிருந்த காலம் அது! 1890 ஏப்ரலில் ஏறத்தாழ பதினாயிரம் பேர் கூடிய கூட்டத்தில் பெண் தொழிலாளர் இருவரும் எழுந்து பேசினர். அவ்வாண்டு ஜூன் 10ஆம் நாள் ஆலை முதலாளிகள் சங்கம் வார விடுமுறைக்கு இசைந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்நகரின் உழைப்பாளிக்கு இவ்வாறுதான் உரியதாயிற்று.

இனி, அந்நகருக்கு நம்மவர் வந்த கதையைக் காண்போம். 1896இல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது. நெருக்கம் மிகுந்த தெருக்களைச் சீர்திருத்த 1898இல் நகர மேம்பாட்டு அறநிலை ஏற்பட்டது. அது வகுத்த திட்டத்தால் தாதர், மாதுங்கா பகுதிகளில் அகன்ற சாலைகளும் புதுக் குடியிருப்புகளும் தோன்றின. 1920களிலும் 1930களிலும் எழுத்தராகவும் தட்டச்சராகவும் பணிதேடி வந்த தென்னாட்டார் பலர் மாதுங்காவில் குடியேறினர். 1932இல் அவர்கள் தென்னிந்தியக் கல்விக் கழகத்தையும் நிறுவினர்.

சென்னையில் ஒன்பது மணிக்கே சாதம், குழம்பு, ரசம், மோர் என முழுவதும் உண்டு அலுவலகம் செல்வதும், மாலையில் டிபன் உண்பதும் நம் குடும்பங்கள் பலவற்றின் வழக்கமாக இருந்தது. ஆகவே இடைப்பொழுது உணவு நமக்குப் புதிதன்று. ஆனால் அது அவசரத்தின் உணவு. ரயிலேறி நெடுந்தொலைவு செல்ல வேண்டிய பம்பாயில் அதற்கும் நேரம் போதவில்லை. வீட்டுச் சமையலை அலுவலகத்திற்கே கொண்டு சேர்க்கும் டப்பாவாலாக்கள் 1890ஆம் ஆண்டளவிலேயே அங்குத் தொழில் தொடங்கியிருந்தனர். குடும்பத்தை ஊரில் விட்டு வந்த தனியாட்களை உணவு விடுதிகள் காத்தன. கன்னட நாட்டுக் கடற்கரைப் பகுதியிலிருந்து வந்த ராம நாயக், 1942இல் மாதுங்கா ரயில் நிலையத்தருகே உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங்கைத் தொடங்கினார். போர்க்காலம் அது; மறு ஆண்டு மே மாதம் பம்பாயில் உணவுப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. அளந்து அரிசி வாங்கிய அந்நாட்களில் இலையில் விழுந்த ஒரு கரண்டி ரசத்தின் அருமையைத் தனித்திருந்தவர்களே அறிவர்.

தாயருகே இல்லாத இளம் மனைவியருக்குத் துணையாக வந்தது ஒரு நூல். எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வெளிவந்தது. உறவினர் பலரும் பக்குவம் கேட்டுக்கொண்டே இருந்ததால் நூலாக எழுதும்படி அவருடைய மாமா தூண்டினார் என்பர். கைப்பழக்கமாக மட்டும் இருந்த சமையலறை அறிவு அச்சேறி, நம்மவர் சென்ற ஊர்களுக்கெல்லாம் உடன் சென்றது. பின்னர் அது பிற மொழிகளிலும் பெயர்ந்தது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் ஒன்று சொல்வோம்: 'பதம்' என்னும் ஒரு சொல்லைப் பிறமொழியில் தருவது அரசாணை ஒன்றைப் பெயர்ப்பதினும் கடினம்.

இன்று மாதுங்காவின் விடுதிகளில் ஞாயிறு காலையில் பல மொழியினரும் வரிசையில் நின்று இட்லியும் தோசையும் உண்கின்றனர். ரயில் பாதைக்கு அப்பால் தாராவி இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகச் சென்ற தமிழர் வேரூன்றிய இடம் அது. அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பல விடியுமுன் எழுந்து இட்லி அவித்து, மிதிவண்டிகளில் ஏற்றி நகரெங்கும் அனுப்புகின்றன. நாம் தாமதமாக எழும் காலை, அவர்கள் முன்னதாக எழுந்த காலையின்மேல் நிற்கிறது.

வெளியே இவ்வளவு தொலைவு நோக்குவானேன்? நம் வீட்டு அடுப்பங்கரையை நோக்கினாலே போதும். ஞாயிறன்று அனைவரும் சூடாக உண்ண, அடை வார்ப்பவர் மட்டும் கடைசியில் ஆறியதை உண்பார். மற்ற நாட்களினும் அவருக்கு அன்று வேலை மிகுதி. நம் வீட்டிலும் நெடுங்காலம் அவ்வாறே நடந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1890ஆம் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து பேசிய அவ்விரு பெண்களும் கேட்ட ஞாயிறு, ஆலைக் கதவைக் கடந்து வந்தது. அடுப்பங்கரை வாயிலை இன்னும் முழுமையாகக் கடக்கவில்லை.

வழி எளிதே. சனிக்கிழமை இரவே பருப்பையும் அரிசியையும் பிள்ளைகள் ஊறவைக்கலாம். காலையில் தோசைத் திருப்பியை ஆடவர் கையில் எடுக்கலாம். முதல் அடை சற்றுக் கருகினாலும் பாதகமில்லை. வாரமெல்லாம் சமைத்தவர் அமர்ந்து உண்ண, மற்றவர் பரிமாறட்டும். அன்றுதான் லோகண்டே பெற்றுத் தந்த ஞாயிறு நம் வீட்டிற்கும் வந்ததாகும்.