மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால்: நூறாண்டுப் போட்டியும் நம் பிள்ளைகளும்



பல்லாவரத்தில் மாலை நேர மக்தபில் நான் ஓதிக்கொடுக்கும் மாணவர்களில் இருவர் இணைபிரியாத நண்பர்கள். ஒருவன் இவ்வூரிலேயே தலைமுறைகளாக வாழும் குடும்பத்துப் பிள்ளை. என்னை ‘ஹஜ்ரத்’ என்பான். மற்றவனின் தந்தை கேரளத்திலிருந்து வந்து இங்கே கடை நடத்துபவர். அவன் ‘உஸ்தாத்’ என்பான். இருவரும் ஒரு நாள் மின்சார ரயிலில் பூங்கா நிலையம் வரை சென்று, நேரு விளையாட்டரங்கில் சென்னையின் எஃப்.சி. அணியும் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியும் மோதிய கால்பந்து ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். மறுநாள் முதல் ஒருவனுக்கொருவன் ஸலாம் சொல்லவில்லை. அஸர் தொழுகையில் ஒரே ஸஃப்பில் நின்றவர்கள், ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனார்கள்.

இது என் காதுக்கு எட்டியபோது நான்கு நாள்கள் கடந்துவிட்டன. ஒரு முஸ்லிம் தன் சகோதரனுடன் மூன்று நாள்களுக்கு மேல் பேசாமல் இருப்பது ஆகுமானதல்ல என்று நானே அவர்களுக்குப் பாடம் நடத்தியிருந்தேன். விசாரித்தபோது, சண்டை கோலைப் பற்றியதாக இருக்கவில்லை. ரயிலில் வரும்போது ஒருவன் மற்றவனின் ஊரையும் மொழியையும் தந்தையின் தொழிலையும் இழித்துப் பேசியிருக்கிறான். மற்றவனும் அவ்வாறே திருப்பிக் கொடுத்திருக்கிறான்.

அன்று நான் அவர்களைக் கண்டிக்கவில்லை. நம் நாட்டின் மிகப் பழமையான கால்பந்துப் போட்டியின் வரலாற்றை இருவருக்கும் சொன்னேன். அதையே இங்கே பெற்றோர்களுக்கும் எழுதுகிறேன்.

கொல்கத்தாவின் வட பகுதியில் 1889ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று மோகன் பகான் கழகம் தொடங்கப்பட்டது. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில், ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்னும் ஆங்கிலேயப் படையணியை அது 2–1 என்ற கணக்கில் வென்றது. களமிறங்கிய 11 பேரில் 10 பேர் வெறுங்காலுடன் ஆடியவர்கள். ஆள்பவனை அவனுடைய ஆட்டத்திலேயே தோற்கடிக்க முடியும் என்று அந்த வெற்றி காட்டியது. இந்து, முஸ்லிம் என்ற வேறுபாடின்றி வங்காள மக்கள் அதைக் கொண்டாடினார்கள்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து 1920 ஜூலை 28 அன்று கூச் பிஹார் கோப்பைக்காக மோகன் பகானும் ஜோராபகான் என்ற கழகமும் மோதின. ஜோராபகான் அணியிலிருந்து சைலேஷ் போஸ் என்ற வீரர் காரணம் சொல்லப்படாமல் நீக்கப்பட்டார். அவர் கிழக்கு வங்காளத்தைச் சேர்ந்தவர் என்பதே உண்மைக் காரணம் என்று பரவலாகப் பேசப்பட்டது. அக்கழகத்தின் துணைத் தலைவரான சுரேஷ் சந்திர சௌத்ரியும் கிழக்கு வங்காளத்தவரே. அவர் மனம் நொந்து வெளியேறினார். சில நாள்களில், 1920 ஆகஸ்ட் 1 அன்று, நண்பர்களுடன் சேர்ந்து அவர் தொடங்கிய கழகமே ஈஸ்ட் பெங்கால். பிறந்த மண்ணைக் காரணமாக வைத்து ஒரு மனிதனை ஒதுக்கியதில் உண்டான காயத்திலிருந்து அந்தக் கழகம் பிறந்தது என்பதை மாணவர்களிடம் அழுத்திச் சொன்னேன்.

1925 மே 28 அன்று கொல்கத்தா லீக்கில் இரு அணிகளும் முதன்முறையாகச் சந்தித்தன. ஈஸ்ட் பெங்கால் 1–0 என வென்றது. அப்போதும் அது இரு வட்டாரங்களின் போட்டியாகவே இருந்தது. 1947இல் நாடு பிளவுபட்டபோது நிலைமை மாறியது. கிழக்கு வங்காளத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டு கொல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார்கள். ரயில் நிலையங்களிலும் முகாம்களிலும் புறநகர்க் குடியிருப்புகளிலும் வாழ்க்கையைப் புதிதாகத் தொடங்கிய அவர்களுக்கு, இழந்த ஊரின் பெயரைச் சுமந்து நின்ற ஒரே கொடியாக அந்தக் கழகம் தெரிந்தது. மேற்கு வங்காளத்துப் பூர்வ குடிகள் ‘கொட்டி’ என்றும், கிழக்கிலிருந்து வந்தவர்கள் ‘பாங்கால்’ என்றும் அழைக்கப்பட்டார்கள். ஈஸ்ட் பெங்கால் வென்றால் சந்தையில் இலிஷ் மீனுக்கும், மோகன் பகான் வென்றால் இறாலுக்கும் விலை ஏறும் என்று சொல்லும் அளவுக்கு அந்தப் பிரிவு அடுப்பங்கரை வரை சென்றது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கிழக்கு வங்காளத்து மானத்தின் அடையாளமாகப் போற்றப்பட்ட அந்த அணி 1949, 1950, 1951 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது. அந்தக் காலத்தில் அதன் முன்வரிசையில் ஆடிப் புகழ்பெற்ற ஐவர் அகமது கான், அப்பாராவ், தன்ராஜ், சாலே, வெங்கடேஷ். ஐவரும் நம் தென்னாட்டிலிருந்து சென்றவர்கள். ஒருவர்கூட வங்காளி அல்லர். பிற்காலத்தில் ஹைதராபாத்தைச் சேர்ந்த முஹம்மது ஹபீப் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முஹம்மதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று கழகங்களுக்கும் ஆடினார். மூன்று கழகத்து ரசிகர்களும் அவரை நேசித்தார்கள். எந்தக் குலத்தின் பெயரால் ரசிகர்கள் மோதிக்கொண்டார்களோ, அந்தக் குலத்துக்கு வெளியே பிறந்தவர்களின் கால்களே அவர்களுக்கு வெற்றியைத் தேடித் தந்தன.

முஹம்மதன் ஸ்போர்ட்டிங் பெயரைச் சொன்னதும் என் சொந்தக் குறை ஒன்றையும் மாணவர்களிடம் ஒப்புக்கொண்டேன். 1891இல் தொடங்கப்பட்ட அந்தக் கழகம், 1934 முதல் 1938 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாகக் கொல்கத்தா லீக்கை வென்றது. அந்த லீக்கை வென்ற முதல் இந்திய அணி அதுவே. வெறுங்காலுடன் ஆடும் வழக்கம் பரவியிருந்த காலத்தில், மழைக்கால ஈரத் திடலில் தன் வீரர்களுக்கு பூட்ஸ் அணிவித்து ஆடச் செய்த முன்யோசனையும் அதன் வெற்றிக்கு ஒரு காரணம். 1940இல் டூராண்ட் கோப்பையை வென்ற முதல் இந்திய அணியும் அதுவே. இந்தியா முழுவதிலும் இருந்த முஸ்லிம்கள் அந்த வெற்றிகளில் மகிழ்ந்தார்கள்; அதில் குற்றமில்லை. ஆனால் அக்காலத்தில் வளர்ந்துகொண்டிருந்த வகுப்புப் பகை திடலின் விளிம்புக்கும் வந்து, ஒரு கோல் ஒரு சமுதாயத்தின் வெற்றியாகவும் இன்னொரு சமுதாயத்தின் தோல்வியாகவும் பார்க்கப்பட்டது.

நான் மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்த காலத்தில் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் அந்தக் கழகத்தின் பெயரைத்தான் முதலில் தேடுவேன். அது தோற்றால் தீனே தோற்றதுபோல் மனம் வாடும். வென்றால் எதிரணியின் தோல்வியில் ஒரு வன்மமான இன்பம் பிறக்கும். நம் நபியின் பெயரைத் தாங்கிய கழகம் என்பதால் அதை மார்க்கப் பற்று என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். அது மார்க்கத்தின் ஆடையை உடுத்திய இனவெறி என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தேன்.

இந்த வெறி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கொல்கத்தாவின் வரலாறே சாட்சி. 1975இல் ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 5–0 என வென்றபோது, தோல்வியைத் தாங்க முடியாத மோகன் பகான் ரசிகர் ஒருவர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன் திடலில் இரு அணிகளும் மோதின. இரு தரப்பு ரசிகர்களும் ஒரே பகுதியில் கலந்து அமர்ந்திருந்தார்கள். ஆட்டத்தில் இரு அணிகளிலும் ஒவ்வொருவர் வெளியேற்றப்பட்டதும் கூட்டத்தில் கைகலப்பு மூண்டது. கல் பறந்தது. தப்பி ஓட முயன்றவர்கள் நெரிசலில் சிக்கினார்கள். 16 பேர் உயிரிழந்தார்கள். ஆட்டம் பார்க்கச் சென்ற பிள்ளை இரவு உணவுக்கு வந்துவிடுவான் என்று காத்திருந்த 16 வீடுகளை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த ஆட்டத்தில் ஒரு கோல்கூட விழவில்லை. இன்றும் ஆகஸ்ட் 16 அன்று அவர்களின் நினைவாகக் கொல்கத்தாவில் ரத்ததான முகாம்கள் நடத்தப்படுகின்றன.

2012 டிசம்பர் 9 அன்றும் ஓர் ஆட்டத்தில் கல் வீசப்பட்டது. காயமடைந்தவர் மோகன் பகான் வீரர் சையது ரஹீம் நபி. அவர் அதற்கு முன் பல ஆண்டுகள் ஈஸ்ட் பெங்கால் அணிக்காக ஆடியவர். மேற்கொண்டு ஆட மறுத்து வெளியேறிய மோகன் பகானுக்கு முதலில் தடையும், பின்னர் 2 கோடி ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன.

அப்படியானால் போட்டியே கூடாதா என்று மாணவர்களில் ஒருவன் கேட்டான். கூடும். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் போட்டியை வெறுக்கவில்லை. அஸ்லம் குலத்தார் இரு அணிகளாகப் பிரிந்து அம்பெய்து போட்டியிட்டுக்கொண்டிருந்தபோது, அவ்வழியே சென்ற நபியவர்கள் அவர்களை ஊக்கப்படுத்தி, தாம் இன்ன அணியின் பக்கம் என்று கூறினார்கள். உடனே எதிரணியினர் கையை நிறுத்திக்கொண்டார்கள். காரணம் கேட்டபோது, தாங்கள் அந்த அணியுடன் இருக்கையில் நாங்கள் எப்படி எய்வோம் என்றார்கள். எய்யுங்கள், நான் உங்கள் அனைவருடனும் இருக்கிறேன் என்ற கருத்தில் நபியவர்கள் பதிலளித்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் நிகழ்ச்சி இது. போட்டி தொடர்ந்தது, இரு அணியினரின் மனமும் நிறைந்தது.

அதே நபியவர்கள் வேறொரு சந்தர்ப்பத்தில் கடுமையாகக் கண்டித்ததையும் ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. ஒரு பயணத்தில் முஹாஜிர் ஒருவர் அன்ஸாரி ஒருவரை அடித்துவிட, இவர் அன்ஸாரிகளையும் அவர் முஹாஜிர்களையும் துணைக்குக் கூவி அழைத்தார்கள். முஹாஜிர், அன்ஸாரி ஆகிய இரண்டும் குர்ஆன் புகழ்ந்த பெயர்கள். ஆயினும் அவை சண்டைக்குக் கூவும் குரலாக மாறியபோது, அது ஜாஹிலிய்யாக் காலத்து அழைப்பு, நாற்றம் பிடித்தது, விட்டுவிடுங்கள் என்று நபியவர்கள் தடுத்தார்கள். முஹாஜிர் என்ற பெயருக்கே இந்த நிலை என்றால், ஒரு பந்தாட்டக் கழகத்தின் பெயருக்காகச் சகோதரனை இழப்பதை எந்தத் தராசில் நிறுப்பது?

இந்த வரலாறு கண்ணீருடன் முடிந்துவிடவில்லை. 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் பாலியல் கொடுமைக்குள்ளாகிக் கொல்லப்பட்டார். நகரமே கொதித்தது. ஆகஸ்ட் 18 அன்று நடக்கவிருந்த மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் டூராண்ட் கோப்பை ஆட்டம் பாதுகாப்புக் காரணம் கூறி ரத்து செய்யப்பட்டது. ஆனால் ரசிகர்கள் வீட்டில் இருக்கவில்லை. பச்சை–அரக்குக் கொடியும் சிவப்பு–பொன்னிறக் கொடியும் ஏந்திய இரு தரப்பாரும், அவர்களுடன் முஹம்மதன் ரசிகர்களும், சால்ட் லேக் விளையாட்டரங்கின் முன் ஒன்றாகக் கூடி அந்தப் பெண்ணுக்கு நீதி கேட்டார்கள். காவல்துறையின் தடியடியையும் ஒன்றாகவே தாங்கினார்கள். நூறாண்டுகளாக எதிரெதிர்ப் பக்கம் அமர்ந்தவர்கள் அவர்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கை நினைவுக்கு வந்தது. மக்காவில் ஓர் அயலூர் வணிகருக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டு, தமக்குள் போட்டியிட்டுக்கொண்டிருந்த குலங்கள் சில ஒன்றுகூடி, அநீதிக்கு உள்ளானவர் எவராயினும் அவர் பக்கம் நிற்போம் என்று உறுதி எடுத்தன. நபித்துவத்துக்கு முன்பு, இளம் வயதில் அதில் பங்கேற்ற நபியவர்கள், இஸ்லாம் வந்த பின்னும் அப்படி ஒன்றுக்கு அழைக்கப்பட்டால் ஏற்பேன் என்ற கருத்தில் பேசியுள்ளார்கள்.

நான் சொல்லி முடித்ததும் இரு மாணவர்களும் சிறிது நேரம் தலைகுனிந்து இருந்தார்கள். ஸலாமை முந்திச் சொல்பவரே இருவரில் சிறந்தவர் என்பதை நினைவூட்டிவிட்டு நான் உளூச் செய்ய எழுந்துவிட்டேன். திரும்பி வந்தபோது இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் முந்தினார் என்று கேட்கவில்லை. அடுத்த ஆட்டத்துக்கும் இருவரும் ஒரே ரயிலில்தான் போனார்கள். ஒருவன் நீலச் சட்டை, ஒருவன் மஞ்சள் சட்டை.

பெற்றோர்களே, நம் பிள்ளைகள் எந்த அணியையும் நேசிக்கட்டும், ஆரவாரம் செய்யட்டும். ஆனால் தங்கள் அணி தோற்ற இரவில் அவர்கள் வாயிலிருந்து என்ன சொற்கள் வருகின்றன என்பதை மட்டும் கவனியுங்கள். எதிரணியின் ஆட்டத்தைக் குறை சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள். எதிரணி மக்களின் ஊரையோ மொழியையோ மதத்தையோ சொன்னால், அப்போதே அருகில் அமர்த்திப் பேசுங்கள். நாம் அந்தச் சொற்களை வீட்டில் பேசியிருந்தால், முதலில் நம்மைத் திருத்திக்கொள்வோம்.

அல்லாஹ் நம் உள்ளங்களை இணைத்து வைப்பானாக! ஆமீன்.