தொண்டைநாட்டு ஊர் வரலாறும் அவைப்பொழிவும்

ஊரின் பழவரலாற்றைப் பொதுமக்கள் கூடிய அவையில் எடுத்துரைத்தல் இக்காலத்துத் தோன்றிய வழக்கம் என்று கருதுவார் உளர். சென்னையில் 2004ஆம் ஆண்டு முதல் ஆகஸ்டுத் திங்களில் மதராசு நாள் கொண்டாடப்பட்டு வருகின்றது. எஸ். முத்தையா முதலியோர் தொடங்கிய இவ்விழாவில் சொற்பொழிவுகளும், பழைய தெருக்களை நடந்து சென்று காணும் நிகழ்ச்சிகளும் இடம் பெறுகின்றன. பல்கலைக்கழகங்களுக்கு வெளியே வரலாற்றுணர்ச்சியை வளர்த்த சிறப்பு இதற்கு உண்டு. ஆயின், இவ்விழா 1639ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாளை நகரின் பிறந்தநாளாகக் கொள்கின்றது. அதனையே தொடக்கமாகக் கொண்டால், அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய மேற்புறத்தூர்கள் நகர் வளர்ந்தபின் அதனோடு வந்து சேர்ந்தவை போலத் தோன்றும். அவ்வூர்ப் பகுதியின் வரலாறும், வரலாற்றை அவையில் ஓதிக் கேட்கும் வழக்கமும் அதனினும் மிகப் பழையன என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் 1639ஆம் ஆண்டு நிகழ்ச்சியையே நோக்குவோம். ஆங்கில வணிகர்க்குக் கடற்கரை நிலத்தை வழங்கிய தாமல் வேங்கடப்ப நாயக்கர் வந்தவாசியில் இருந்தார். கடற்கரைப் பகுதியின் அலுவல்களைக் கவனித்த அவர் உடன்பிறந்தார் ஐயப்ப நாயக்கர் பூவிருந்தவல்லியில் தங்கியிருந்தார். எனவே, புதிய கோட்டை எழுமுன்னரே பூவிருந்தவல்லி ஆட்சியாளர் உறையும் ஊராக விளங்கியது தெளிவு. அவ்வூர் 11ஆம் நூற்றாண்டில், இராமாநுசர் போற்றிய திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊருமாம். அதன் அருகிலுள்ள குன்றத்தூர் புலியூர்க் கோட்டத்தைச் சார்ந்தது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் தோன்றிய ஊர் அதுவே.

இனி, அவையில் வரலாறு கேட்ட வழக்கத்திற்குரிய சான்றுகளைக் காண்போம். காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த செப்பேடுகள், 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதற் பரமேசுவரவர்மன் காலத்தன. அங்கு மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென நிலப்பங்கு ஒதுக்கப்பட்டதை அவை தெரிவிக்கின்றன. ஊர்ப் பொதுவிடத்தில் பழங்கதையைப் படித்துக் கேட்பித்தல், தண்ணீர் இறைத்தல் போல ஊர்ப்பணிகளுள் ஒன்றாக எண்ணப்பட்டது என்பது இதனால் விளங்கும்.

இதனினும் பொருத்தமான சான்று திருவொற்றியூரில் உள்ளது. இரண்டாம் இராசாதிராசனின் 9ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, திருவிழாக் காலத்தில் மகிழ மரத்தின்கீழ் ஆளுடைய நம்பி சிரீபுராணம் ஓதப்பெற்றதையும், மன்னனும் சதுரானன பண்டிதரும் உடனிருந்து கேட்டதையும் கூறுகின்றது. ஆளுடைய நம்பியாவார் சுந்தரர். அவர் சங்கிலியாரை மணந்து, பிரியேன் என்று சூளுரைத்தது திருவொற்றியூர்க் கோயிலில், மகிழின்கீழ். கதை நிகழ்ந்ததாகக் கருதப்படும் அவ்விடத்திலேயே, அக்கதைக்குரிய மரத்தின்கீழேயே, ஊரார் நடுவே அது ஓதப்பெற்றது என்பது உளங்கொளத்தக்கது. நூலும் இடமும் கேட்போரும் ஒன்றுகூடிய அவைப்பொழிவு 12ஆம் நூற்றாண்டிலேயே இருந்தமைக்கு இது சான்று.

சூள் தவறிய சுந்தரர் திருவொற்றியூரை நீங்கிச் சென்ற வழியே நாம் கருதும் மேற்புறத்தூர்களின் வழியாகும். கண்ணொளி இழந்த அவர் வடதிருமுல்லைவாயிலையும், திருவெண்பாக்கத்தையும், பழையனூர்த் திருவாலங்காட்டையும் கடந்து காஞ்சியை அடைந்ததாகப் பெரியபுராணம் கூறும். வடதிருமுல்லைவாயில் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே உள்ளது. திருவாலங்காட்டிற்கு முதல் இராசேந்திரன் பழையனூரை வழங்கிய செய்தி 1905ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட செப்பேடுகளில் உளது. அக்காலத்தில் கொடைநிலத்தின் எல்லையைப் பிடி நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு வரையறுத்தனர். நாட்டார் உடனிருந்து கண்டனர். ஆவணம் பிறந்ததே பொதுமக்கள் கூடிய நிகழ்ச்சியில் எனலாம்.

இன்று இவ்வூர்களில் வரலாறு பேசுவோர் இம்மரபினின்று கொள்ளத்தக்கது யாது? சான்றின் தரம் பிரித்துரைத்தலே முதற்கடமை. வடதிருமுல்லைவாயிலில் எருக்கந்தூண்கள் இரண்டைக் காட்டி, தொண்டைமான் குறும்பரை வென்ற செய்தியைத் தலபுராணம் கூறும். புழலைக் குறும்பர் கோட்டை எனக் கூறும் செவிவழிச் செய்திகள் மெக்கன்சி தொகுத்த சுவடிகளிலும் இடம்பெற்றன. மெக்கன்சி 1821ஆம் ஆண்டு மறைந்தவர். ஆகவே, அவர்காலத்து ஊரார் நம்பியது யாது என்பதற்கு அச்சுவடிகள் நேர்ச்சான்று. குறும்பர் காலத்திற்கு அத்தகைய சான்று ஆகா. புழற்கோட்டம் என்னும் நாட்டுப்பிரிவுப் பெயரோ கல்வெட்டு வழக்கில் நிலைபெற்றது. இவற்றைத் தனித்தனியே காட்டிப் பேசினால் தலபுராணத்தின் சுவையும் கெடாது. வரலாற்றின் உறுதியும் கெடாது.

ஊர்ப்பெயர் விளக்கங்களிலும் இவ்விழிப்பு வேண்டும். அம்பத்தூர் ஐம்பத்தொன்றாவது சத்தித்தலம் ஆதலின் அப்பெயர் பெற்றது என்பர். ஆவடி என்பது படைத்துறைக் கிடங்கின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் அமைந்தது என்பர். படைத்துறையின் அமைப்புகள் இரண்டாம் உலகப் போரை ஒட்டி அங்கு வந்தவை. ஆவடி அதற்கு முன்னரே புகைவண்டி நிலையத்தின் பெயராக வழங்கியது. காலமுறை ஒன்றே இவ்விளக்கத்தை மறுக்கப் போதுமானது. மேடையில் ஒருமுறை கூறிய தவறான விளக்கம் பள்ளிச் சிறுவர் வாயிலாக ஒரு தலைமுறைக்கு நிலைத்துவிடும் ஆதலின், இது சிறுசெய்தி அன்று.

பேசும் இடமும் கருதத்தக்கது. திருப்பணிக் காலங்களில் சுண்ணமும் வண்ணமும் பூசப்பட்டுக் கல்லெழுத்துகள் மறைதலும், கற்கள் இடம் மாற்றி வைக்கப்பட்டு வரிகள் தொடர்பறுதலும் தமிழகமெங்கும் நிகழ்ந்துள்ளன. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது; ஆவடி 2019இல் தனி மாநகராட்சியாயிற்று. குடிமக்களிற் பலர் வேறூர்களிலிருந்து தொழில் நாடி வந்து குடியேறியவர். தம் தெருமுனைக் கோயிற் சுவரில் எழுதியுள்ளது யாது என அவர்க்குச் சொல்லுவார் இலராயின், அதனைக் காப்பாரும் இலராவர்.

ஆதலின், நூலகத்துள் அச்சேறிக் கிடக்கும் கல்வெட்டுத் தொகுதிகளை அவை எழுதப்பெற்ற சுவர்களின் முன்னர்க் கொண்டு சென்று, ஊரார் கேட்ப வரிவரியாகப் படித்துப் பொருள் கூறுதல் தமிழ்த்துறை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். திருவொற்றியூர் மகிழின்கீழ் அமர்ந்து கேட்டோர்க்கு நம்பியின் வரலாறு தம் ஊர் வரலாறாகவும் இருந்தது. அவ்வுரிமையை வடதிருமுல்லைவாயிலாரும் பூவிருந்தவல்லியாரும் மீண்டும் பெறுதல் வேண்டும்.