பீங்கானின் ஜாதகம்

கண்டியின் பழம்பொருட் கடைகளுக்கு ஆங்கிலேயத் துரைமாரின் பங்களாக்களிலிருந்து வந்து சேர்ந்த பீங்கான் தட்டுகளும் தேநீர்க் கோப்பைகளும் நல்ல விலைக்குப் போகின்றன. விஷயமறிந்தவர் பூவேலையில் மயங்குவதில்லை. தட்டைக் கவிழ்த்து அடியைப் பார்க்கிறார். அங்கேதான் அதன் ஜாதகம் இருக்கிறது.

அந்த ஜாதகத்தைக் கணிப்பது அப்படியொன்றும் கடினமன்று. 1842 முதல் 1883 வரை இங்கிலாந்தில் பதிவு செய்யப்பட்ட வடிவங்களுக்குச் சாய்சதுர முத்திரை ஒன்று உண்டு. அதன் மூலைகளிலுள்ள எழுத்துகளும் எண்களும், பதிவான ஆண்டையும் மாதத்தையும் நாளையும் கூறிவிடும். (வடிவம் பதிவான நாளைத்தான், தட்டைச் சுட்டெடுத்த நாளையன்று. விற்பவர்கள் இதை வசதியாக மறந்துவிடுவதுண்டு.) 1884 முதல் வெறும் பதிவிலக்கம் வருகிறது. 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் இருக்குமாயின், பெரும்பாலும் அது 1891க்குப் பிற்பட்ட பண்டம். பிறந்த நாட்டின் பெயரைப் பொறிக்காத இறக்குமதிப் பொருளை ஏற்பதில்லையென அமெரிக்காவின் மக்கின்லி சுங்கச் சட்டம் விதித்ததன் விளைவு அது. மின்டன் ஆலையார் 1842 முதல் ஆண்டுக்கொரு குறியை ஈர மண்ணிலேயே அழுத்தி வைத்தார்கள். வெட்ஜ்வுட் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளின் நடுவே ஓர் 'ஈ' அதிகமாகக் காணப்பட்டால், அது ஸ்டொக்டன் நகரத்து வில்லியம் ஸ்மித் கம்பெனியின் கைவரிசை. 1848இல் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. ஒரு முதலாளியின் பெயருக்குத்தான் எத்தனை காவல்!

கோப்பையை வனைந்தவர்களின் பெயரை அடிப்பாகத்தில் தேடிப் பயனில்லை. ஸ்டபர்ட்ஷயர் மட்பாண்ட ஆலைகளைப் பற்றி 1863இல் வெளியான விசாரணை அறிக்கையில் வில்லியம் வுட் என்ற 9 வயதுச் சிறுவன் வருகிறான். 7 வயதும் 10 மாதமும் ஆனபோது வேலைக்குச் சேர்ந்தவன். காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை அச்சுகளை உலர்கூடத்துக்குச் சுமந்தவன். மார்க்ஸ் தமது 'மூலதனம்' நூலில் இவனை எடுத்துக்காட்டியிராவிட்டால் நாம் இவனை அறிந்திருப்போமா?

அந்தக் கோப்பைகளை மலைக்கு அழைத்து வந்தவை கோப்பியும் தேயிலையும். ரயில் கண்டியை எட்டிய அதே 1867இல், ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்தூராத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். காட்டை வெட்டிக் கொழுந்தெடுத்தவர்களோ தமிழகத்திலிருந்து மன்னார், மாத்தளை வழியாகக் கால்நடையாய் வந்தவர்கள். பலரை வழியிலேயே கொள்ளைநோய் கொண்டுபோயிற்று. அவர்களுக்கும் ஒரு முத்திரை கிடைக்கத்தான் செய்தது. 1901 அளவில் வந்த ஏற்பாட்டின்படி, தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் எண் பொறித்த தகரவில்லையைக் கழுத்தில் கட்டி அனுப்பினார்கள். கூலி எந்தத் தோட்டத்துக்குரியவன் என்பதை அது சொல்லிற்று; அவன் பிள்ளை எங்கே பிறந்தது என்பதை அது சொல்லவில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் கேட்டது அதைத்தான். தந்தை இலங்கையில் பிறந்தாரா? இல்லையேல், தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா? அத்தாட்சியைக் காட்டு! பங்களா அலுமாரியிலிருந்த பீங்கான் தன் பிறந்த நாட்டை அடியில் தாங்கியிருந்தது. லயத்துத் தொழிலாளியின் பெட்டியில் காட்டுவதற்குக் கடதாசி இல்லை. இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964இல் இரு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கென்றும் 300,000 பேர் இலங்கைக்கென்றும் எண்ணிப் பிரிக்கப்பட்டனர். 150,000 பேரின் கதி பின்னர் பார்க்கலாமென ஒத்திவைக்கப்பட்டது. நாடற்றவராகவே எஞ்சி நின்றவர்கள் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தார்கள்.