ஷோலே: கையில்லாதவரும் சட்டமும்

பழிவாங்கும் கதைக்குன்னு ஒரு கணக்கு இருக்குங்க. நடுவில் போட்ட முடிச்சைக் கடைசி ரீலில் அவிழ்க்கணும். 1975ல் வந்த 'ஷோலே'யில் சலீம்-ஜாவேத் போட்டது கச்சிதமான முடிச்சு.

ஆபத்து நேரத்தில் காலடியில் கிடந்த துப்பாக்கியைத் தாக்கூர் ஏன் எடுத்துக் கொடுக்கலை? வீருவும் ஜெய்யும் கோபப்பட, ப்ளாஷ்பேக் விரிகிறது. கப்பர்சிங் குடும்பத்தையே கொன்ற கதை. முடிவில் சால்வை விலக, கையே இல்லை! கிளைமாக்ஸ் அங்கேயே முடிவாகிவிட்டது: கையை வெட்டியவனைக் காலால்தான் கொல்லணும்.

ரமேஷ் சிப்பி அப்படித்தான் எடுத்தார். ஆணி பதித்த காலணியோடு வந்து, காலாலேயே கப்பரின் கதையை முடிக்கிறார் தாக்கூர். அப்புறம் உடைந்து அழுகிறார். ஆனால் அது எமர்ஜென்சி காலம். முன்னாள் போலீஸ் அதிகாரி சட்டத்தைக் கையில் எடுக்கக் கூடாது என்றது சென்சார். கையே இல்லாதவர்! வேறு வழியில்லாமல், போலீஸ் வந்து தடுப்பதாக மாற்றி எடுத்து, ஆகஸ்ட் 15ல் ரிலீஸ் செய்தார்கள்.

பழைய முடிவோடு முழுப்படமும் 2025ல் இத்தாலியின் போலோக்னாவில் திரையிடப்பட்டது.

என்னைக் கேட்டால், நஷ்டம் அந்தக் கொலை இல்லை, அழுகைதான். பழி தீர்த்தும் ஒன்றும் திரும்பி வராது என்று சொன்ன இடம் அது. சட்டத்தைக் காப்பாத்தறேன்னு நீதியை வெட்டிட்டாங்க. நீங்க என்ன சொல்றீங்க?